தாத்தாவின் சிவப்புக்கல் கடுக்கன்: ஒரு கல் மட்டும் ஒளி இழந்தது ஏன்?

நன்னிலத்தான்:

வணக்கம். நகைவேலையும் மணிகளின் இயல்பும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால், ஒரு மனக்குறையைச் சொல்லி வழி கேட்க வந்திருக்கிறேன்.

என் தாத்தா பதினெட்டு வயதிலிருந்து அணிந்திருந்த சிவப்புக்கல் கடுக்கன் ஒரு ஜோடி எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் 1987-இல் காலமான பிறகு பாட்டி அதைப் பருத்தித் துணியில் சுற்றி ஒரு குங்குமச் சிமிழுக்குள் வைத்துக் காப்பாற்றினார். பாட்டியின் காலத்துக்குப் பின் அது அம்மாவின் பொறுப்புக்கு வந்தது. வருகிற தை மாதம் என் மகனுக்குக் காது குத்துகிறோம். குழந்தையை மாமன் மடியில் உட்கார வைக்கும் வேளையில் அவனுடைய அப்பாவின் காதில் கொள்ளுத்தாத்தாவின் கடுக்கன் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எனக்கும் அதே ஆசைதான்.

கடுக்கனின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றிலும் துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிய ஒற்றைக் கல். மேல்முகம் தட்டையாக இருக்கிறது. ஓரப் பட்டைகள் கையால் தீட்டியவை என்பது அவற்றின் அளவு ஒன்றுக்கொன்று ஒவ்வாமலிருப்பதிலேயே தெரிகிறது. கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு மடிக்கப்பட்டிருக்கிறது. பின்புறம் முழுவதையும் தங்கத் தகடு மூடியிருப்பதால் விளக்கெதிரே பிடித்தாலும் ஒளி ஊடுருவாது. தண்டில் மரை வெட்டி, சுரை போட்டுத் திருகும் வகை.

சென்ற மாதம் அழுக்கெடுப்பதற்காக ஒரு நகைக்கடையில் கொடுத்தேன். என் கண்ணெதிரிலேயே இரண்டையும் ஏதோ சுடுதிரவம் நிறைந்த அதிர்வு இயந்திரத்தில் போட்டு ஐந்து நிமிடம் கழித்து எடுத்தார்கள். இடக்காதுக் கடுக்கன் பளிச்சென்று வந்தது. வலக்காதுக் கடுக்கனோ காய்ந்த நாவற்பழத் தோலின் நிறத்துக்குப் போய்விட்டது. ஓரத்தில் பிறை வடிவத்தில் சாம்பல் நிறக் கறை ஒன்றும் தெரிகிறது. கடையில் கேட்டதற்கு, "இது போலிக் கல், சாயம் போய்விட்டது, வேண்டுமானால் பழைய தங்கமாக எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் கேட்க விரும்புபவை இவைதான். உண்மையிலேயே அது போலிதானா? பழைய நிறத்தை மீட்க முடியுமா? ஆண்கள் மாணிக்கம் அணிவதற்கு நம்மிடையே என்ன பொருள் இருந்தது? காதுகுத்துக்குப் பிறகும் நாள்தோறும் அணிவதாக எண்ணம். அப்படியானால் அதை எப்படிப் பேணுவது?

பட்டறை மகன்:

தம்பி, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். சாயம் போகவில்லை, போவதற்கு அந்தக் கல்லில் சாயமும் இருந்திருக்காது. கெட்டுப்போனது கல்லுக்கு அடியில் இருக்கும் தகடு. நான் நான்கு தலைமுறையாகக் கல் பதிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். இதே கோலத்தில் பட்டறைக்கு வந்த தோடுகளையும் கடுக்கன்களையும் என் அப்பா காலத்திலிருந்து பார்த்து வருகிறேன்.

பின்புறம் மூடிய கட்டைத்தான் இப்போது எல்லாரும் குளோஸ்டு செட்டிங் என்கிறார்கள். அந்தக் கட்டில் கல் நேராகத் தங்கத்தின்மேல் உட்காருவதில்லை. தங்கக் குழிக்குள் அரக்கு நிரப்பி, அதன்மேல் கண்ணாடிபோலத் தேய்த்த மெல்லிய வெள்ளித் தகட்டை வைத்து, சில சமயம் அந்தத் தகட்டுக்கே சிவப்பு மெருகும் ஏற்றி, அதன்மேல் கல்லை அமர்த்தி விளிம்பை மடிப்பார்கள். உள்ளே போகும் ஒளி தகட்டில் பட்டுத் திரும்பிக் கல்லின் வழியாகவே வெளியே வருவதால், கல்லின் சிவப்பை ஒரே பார்வையில் நாம் இரண்டு முறை பார்க்கிறோம். அகல் விளக்கும் குத்துவிளக்கும் மட்டுமே இருந்த வீடுகளில் ஒரு சிறு கல் கனல்போல் தெரிந்தது இந்த ஏற்பாட்டினால்தான். ஆகவே உங்கள் தாத்தாவின் காதில் ஒளிர்ந்த சிவப்பில் பாதி கல்லுடையது, மறுபாதி அதைக் கட்டிய ஆசாரியுடையது.

அதிர்வு இயந்திரத்துக்கு ஒரு நகையில் எங்கே மயிரிழை இடைவெளி இருக்கிறது என்று தெரியும். அதன் வேலையே இடுக்குகளுக்குள் திரவத்தைச் செலுத்துவதுதான். பல்லாண்டு அணிந்து விளிம்பு தேய்ந்த கட்டுக்குள் சோப்புத் திரவம் நுழைந்திருக்கிறது. கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த வறண்ட காற்றுப் படலம் போய் ஈரம் உட்கார்ந்ததும் பளபளப்பு செத்துவிட்டது. வெள்ளித் தகடும் கறுத்திருக்கும். நீங்கள் சொல்லும் பிறை வடிவக் கறை, ஈரம் எந்த ஓரத்தில் நுழைந்தது என்பதைக் காட்டும் அடையாளம். மூடிய கட்டில் இருக்கும் எதையும் அந்த இயந்திரத்தில் போடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடமாகச் சொல்லித்தருவது. அது தெரியாத கை உங்கள் பொருளைத் தொட்டுவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றே. சூடு காட்டாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், முடி உலர்த்தும் கருவியைக் கொண்டு ஊதாதீர்கள். அரக்கு இளகிக் கல் சாய்ந்துவிடும். காலணிப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சுவதற்காக வரும் சிறு பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் பத்து நாள் மூடி வையுங்கள். அதன் பிறகு, பழைய கட்டு வேலை தெரிந்த பத்தர் ஒருவரிடம் கொடுத்து, விளிம்பை மெல்லிய உளியால் நிமிர்த்தி, கல்லை எடுத்து, புதிய தகடும் புதிய அரக்கும் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பழைய தங்கம் மாற்று உயர்ந்தது என்பதால் விளிம்பு வளைந்துகொடுக்கும். ஆனால் இரண்டு மூன்று முறைக்குமேல் தாங்காது, ஆகையால் கைதேர்ந்தவரைத் தேடிப் போங்கள். கல் உள்ளே இருக்கும்போது பொடி வைத்து நெருப்பூதிப் பற்றவைக்கக் கூடாது என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மாணிக்கம் நெருப்பைத் தாங்கும். ஆனால் பற்றவைக்கச் சேர்க்கும் வெங்காரம் நெருப்போடு சேர்ந்தால் அதன் முகத்தை அரித்துவிடும்.

அரக்கு வைத்த நகை என்றால் மட்டமானது என்று நினைப்பவர்கள் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் இறைவனுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் கல்வெட்டாக இருக்கிறது. எத்தனை முத்து, எத்தனை மாணிக்கம், எத்தனை வைரம் என்று எண்ணி, கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாக எடை சொல்லும் அந்த வாசகங்களில், உள்ளே இருக்கும் அரக்கையும் சேர்த்து நிறுத்த எடை இது என்று எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசன் கொடுத்த நகையிலும் கல்லுக்கு அடியில் இருந்தது அரக்குதான்.

கோவைப் பொறியாளன்:

நன்னிலத்தாருக்கு ஒரு மாற்று யோசனை. எப்படியும் கல்லைக் கழற்றத்தான் போகிறீர்கள் என்றால், பின்புறம் திறந்த கட்டில் நான்கு பற்களால் பிடிக்கும்படி புதிதாகச் செய்துகொள்ளலாமே. கழுவுவதும் எளிது, ஒளியும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும், இந்தத் தொல்லை இனி எப்போதும் வராது. என் அப்பாவின் வைரக் கடுக்கனை அப்படித்தான் மாற்றினோம், நன்றாகவே இருக்கிறது.

பட்டறை மகன்:

வைரத்துக்கு நீங்கள் செய்தது சரி. பழைய சிவப்புக் கல்லுக்கு அது பொருந்தாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. தகடு வைக்கப்போகிறோம் என்று தெரிந்தே அன்றைய கல் தீட்டுபவர்கள் அடிப்பக்கத்தை ஆழமில்லாமல் தட்டையாக விட்டார்கள். அந்தக் கல்லைப் பற்களில் நிறுத்தினால் ஒளி திரும்பி வராமல் பின்பக்கமாக ஓடிவிடும். நடுவில் சன்னல் திறந்தாற்போல் வெளிறிக் காதுத் தோல் தெரியும். அதைச் சரிசெய்ய மறுபடி பட்டை தீட்டினால் கல்லின் எடை குறையும், தாத்தா பார்த்த உருவமும் போய்விடும். கட்டு ஈரத்துக்கு அஞ்சும் என்பது குறைதான். ஆனால் அந்தக் குறையோடுதான் அது இத்தனை ஆண்டு ஒளிர்ந்தது.

குருந்தம்:

கட்டைப் பற்றிப் பட்டறை மகன் ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. நான் மணிகளைப் பரிசோதிக்கும் பணியில் இருப்பவள். கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கழற்றும் நாளில் கல்லைத் திரும்பக் கட்டுவதற்கு முன் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். மூடிய கட்டில் இருக்கும்போது கல்லின் எடையடர்த்தியைப் பார்க்க முடியாது, அடிப்பக்கத்திலிருந்து ஒளி செலுத்த முடியாது. தனிக் கல்லாகக் கையில் இருக்கும் அந்த ஒரு நாள் மீண்டும் வர ஐம்பது ஆண்டு ஆகலாம்.

சிவப்பாக இருப்பதெல்லாம் மாணிக்கம் அல்ல என்பது பழைய சிக்கல். நம் வீடுகளில் கெம்பு என்ற ஒரே சொல்லுக்குள் மாணிக்கம், ஸ்பைனல், கார்னெட், நிறக் கண்ணாடி எல்லாம் அடங்கிவிடும். மாணிக்கத்தையும் ஸ்பைனலையும் வேறு வேறு கனிமம் என்று முறையாகப் பிரித்துக் காட்டியதே 1783-இல், பிரான்சு நாட்டின் ரோமே டி லீல் என்ற அறிஞர்தான். இங்கிலாந்து மன்னரின் மகுடத்தில் முன்நெற்றியில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்ற பெருங்கல், பெயரில் மாணிக்கமானாலும் பொருளில் ஸ்பைனலே. அரச கருவூலங்களே அறியாதிருந்ததை ஒரு கடைக்காரர் வெறுங்கண்ணால் பார்த்து 'போலி' என்று தீர்ப்புச் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்சைடு. அதில் கலந்த மிகச் சிறிதளவு குரோமியம் சிவப்பைத் தருகிறது. குரோமியத்துக்குப் பதிலாக இரும்பும் டைட்டானியமும் கலந்தால் அதே பொருள் நீலமாகிறது. இந்தக் கனிமத்துக்கு உலகம் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது. நான் இங்கே புனைபெயராக வைத்துக்கொண்டதும் அதனால்தான். கடினத்தில் வைரத்துக்கு 10 என்றால் மாணிக்கத்துக்கு 9, ஸ்பைனலுக்கு 8. பல்லாண்டு அணிந்தும் உங்கள் கல்லின் பட்டை விளிம்புகள் கூர்மையாகவே இருந்தால் கண்ணாடி என்ற ஐயத்தை அநேகமாக விட்டுவிடலாம். கண்ணாடி என்றால் இதற்குள் விளிம்புகள் மழுங்கியிருக்கும்.

ஆனால் ஒன்றுக்கு உங்கள் மனம் ஆயத்தமாக இருக்க வேண்டும். அகஸ்த் வெர்நூய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், அலுமினாத் தூளை 2000 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சுடரின் வழியே சிறிது சிறிதாகத் தூவி உருக்கி, சில மணி நேரத்தில் மாணிக்கத்தை வளர்க்கும் முறையை 1902-இல் உலகுக்கு அறிவித்தார். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அது பெருந்தொழிலாகிவிட்டது. உங்கள் தாத்தா கடுக்கன் அணியத் தொடங்கிய காலத்தில் இந்தக் கற்கள் நம் ஊர்ச் சந்தையிலும் இருந்தன. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்தில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது பின்னாளில் குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது. அவற்றைக் கண்ணாடியோடு சேர்த்துப் போலி என்று சொல்ல மாட்டேன். கூட்டுப்பொருளிலும் கடினத்திலும் அவை மாணிக்கமேதான். பிறந்த இடம் மட்டும் மண்ணுக்கு அடியில் அல்ல.

வேறுபாட்டைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பிலேயே பல நேரங்களில் பார்த்துவிடலாம். சுடரில் வளர்ந்த கல் அடுக்கடுக்காக உருகி உறைந்தது என்பதால் உள்ளே இசைத்தட்டின் கோடுகளைப்போல் வளைந்த கோடுகளும், ஆங்காங்கே சிறு காற்றுக் குமிழ்களும் தெரியும். மண்ணில் விளைந்த கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடிக் கோணத்தில் திரும்பும். பல கற்களில் பட்டு நூலைப் பிரித்துத் தூவியதுபோல் நுண்ணிய ஊசிகள் கிடக்கும். அந்தப் பட்டிழையை முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்த நாளில் எனக்கு அன்று முழுவதும் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

வீட்டில் ஒரு சோதனை செய்ய விரும்பினால், நோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கை இருட்டறையில் கல்லின்மேல் காட்டுங்கள். பர்மாவிலிருந்து வந்த மாணிக்கம் அடுப்புத் தணலைப்போல் சிவந்து ஒளிரும், கார்னெட் ஒளிராது. ஆனால் சுடரில் வளர்ந்த கல்லும் ஒளிரும், சிவப்பு ஸ்பைனலும் ஒளிரும் என்பதால் இதை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம்.

புதிதாக வாங்க நினைக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. 2004 வாக்கிலிருந்து, விரிசல் மலிந்த மலிவான மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிப் பளபளப்பாக்கி விற்கிறார்கள். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டாலே நிரப்பிய கண்ணாடி அரித்து விரிசல்கள் வெளியே தெரிந்துவிடும். சூடேற்றி நிறம் கூட்டுவது வேறு. அது நெடுங்காலமாக நடப்பது, கல்லின் உறுதியைப் பெரும்பாலும் கெடுக்காது. எது செய்யப்பட்டிருக்கிறது என்பதைச் சான்றிதழில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

தேவகோட்டையார்:

பொருளும் வரலாறும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

ஒன்பது மணிகளில் மாணிக்கம் கதிரவனுக்கு உரியது. நவரத்தின மோதிரத்தில் மற்ற எட்டும் சுற்றி நிற்க நடுவில் மாணிக்கத்தை வைப்பது அதனால்தான். குடும்பத்துக்கும் ஊருக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆண்மகனுக்கு அதை அடையாளமாகக் கருதினார்கள். காதணிக்கும் கதிரவனுக்கும் உள்ள தொடர்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கர்ணன் நினைவுக்கு வருவான். கதிரவனின் மகன் பிறக்கும்போதே காதில் குண்டலத்தோடு பிறந்தான், அதைக் கேட்டு வந்தவனுக்கு அறுத்தும் கொடுத்தான். சோதிட நம்பிக்கை அவரவர் உரிமை. என்னைப் பொறுத்தவரை, ஒரு மனிதன் காதில் சிவப்புக் கல்லோடு வெளியே போனால் அவன் வாக்கு மாறாதவன் என்று மற்றவர்கள் எதிர்பார்த்தார்கள், அவனும் அதை உணர்ந்து நடந்தான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மணியை வகை பிரித்தறிவது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரம் மதுரையின் மணிக்கடை வீதியைச் சொல்லும் இடத்தில் பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று மாணிக்கத்தில் நான்கு சாதி சொல்கிறது. குருந்தம் அம்மையார் குறிப்பிட்ட சொல்லின் உறவுதான் அந்த விந்தம். கோவலன் வழக்கே மூடிய தங்கத்துக்குள் இருக்கும் பரல் முத்தா மாணிக்கமா என்பதில்தானே தீர்ந்தது. சிலம்பை உடைக்கும்வரை அரசனுக்கும் தெரியவில்லை.

கல் எங்கிருந்து வந்திருக்கும் என்றால், செட்டிநாட்டுப் பக்கமும் காவிரிப் பக்கமும் இருக்கும் பழைய சிவப்புக் கற்களில் பல பர்மாவின் மோகோக் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்த 1852-க்குப் பிறகு எங்கள் நகரத்தார் வட்டிக்கடை வைக்க அங்கே திரளாகப் போனார்கள். 1885 போரில் மாண்டலே வீழ்ந்தபின் மோகோக் சுரங்கங்களும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. தேக்கு மரத்தோடு சிவப்புக் கல்லும் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தது. 1942-இல் சப்பானியர் வந்தபோது எல்லாவற்றையும் விட்டு நடந்தே திரும்பியவர்கள் இடுப்பு மடிப்பில் முடிந்து கொண்டுவர முடிந்தது இம்மாதிரிச் சிறு கற்களைத்தான். இலங்கையிலிருந்து வந்த கற்களும் உண்டு. கீழக்கரை வணிகர்களுக்கு அங்கே மணி வணிகத்தில் பழைய கை. இன்று கடைகளில் புதிதாகப் பார்ப்பவற்றில் பெரும்பகுதி 2009-இல் கண்டெடுக்கப்பட்ட மொசாம்பிக் நிலத்தின் கற்கள்.

கடுக்கன் ஏன் மறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. குடுமி போய்க் கிராப்பு வந்தபோது அதோடு கடுக்கனும் போயிற்று. நாகசுர வித்துவான்கள், தில்லைத் தீட்சிதர்கள், ஓதுவார்கள், சில வீட்டு மாப்பிள்ளைகள் என்று ஆங்காங்கே தங்கியிருக்கிறது. உங்களைப் போன்ற இளையவர்கள் நாள்தோறும் அணிய நினைப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பட்டறை மகன்:

பேணும் முறையை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். மூடிய கட்டைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு, வேண்டாம். மென்மையான உலர்ந்த தூரிகையால் விளிம்பைத் தட்டித் துடைத்து, இலேசாக ஈரம் தொட்ட மல்துணியால் கல்லின் முகத்தை மட்டும் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் நாளிலும், குளிக்கும்போதும், முகம் மழிக்கும்போதும் கழற்றி வையுங்கள். வாசனைத் திரவியத்தைத் தெளித்துக்கொண்டபின் கடுக்கனை அணியுங்கள். ஆண்களுக்கு இன்னொரு பகை தலைக்கவசம். கழற்றும் வேகத்தில் விளிம்பு உரசித் தூக்கிக்கொள்ளும். வைரத்தோடும் முத்தோடும் ஒரே சிமிழில் போடாதீர்கள். வைரம் மாணிக்கத்தைக் கீறும், மாணிக்கம் முத்தைக் கீறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடுக்கனைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கல் அசையும் ஒலி மிக மெல்லியதாகக் கேட்டாலும் அன்றே பத்தரிடம் போய்விடுங்கள். சுரையின் மரை தேய்ந்து வழுக்கினால் புதுச் சுரை போடச் சொல்லுங்கள். காணாமற்போன கடுக்கன்களில் பெரும்பாலானவை சுரை வழுக்கிப் போனவைதான்.

நன்னிலத்தான்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் என் நன்றி.

பட்டறை மகன் ஐயா சொன்னபடி பத்து நாள் உலரவைத்தேன். கறை சற்றுக் குறைந்தது, நிறம் திரும்பவில்லை. கும்பகோணத்தில் பழைய கட்டு வேலை செய்யும் முதியவர் ஒருவர் கிடைத்தார். என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே வலக்காதுக் கடுக்கனின் விளிம்பை நிமிர்த்தினார். கல் வெளியே வந்ததும் அடியில் இருந்த தகட்டை ஊசி முனையால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெங்காயச் சருகைவிட மெல்லிய தகடு. பாதி கறுத்திருந்தது, கறுக்காத மறுபாதி அப்போதும் நிலாத்துண்டுபோல் மின்னியது. அதற்கடியில் இருந்த அரக்கு உதிர்ந்து பொடியாகிவிட்டது. இடக்காதுக் கடுக்கனைத் திருப்பிப் பார்த்தவர், "இந்தக் கட்டு வேறு கை; பின்னால் கட்டியது, இறுக்கமாக இருக்கிறது" என்றார். அதன்பின் அதையும் திறக்கச் சம்மதித்தேன்.

இரண்டு கல்லையும் சென்னையில் பரிசோதிக்கக் கொடுத்தோம். கடையில் போலி என்று ஒதுக்கிய வலக்காதுக் கல் மண்ணில் விளைந்த மாணிக்கம். குருந்தம் அம்மையார் சொன்ன பட்டிழைகளை அங்கிருந்தவர் எனக்கு நுண்ணோக்கியில் காட்டினார். இயந்திரத்திலிருந்து பளிச்சென்று வந்த இடக்காதுக் கல்தான் சுடரில் வளர்த்தது. வளைந்த கோடுகளை நானே எண்ணிப் பார்த்தேன்.

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு விவரம் தெரியவில்லை. தாத்தாவின் தங்கையான எங்கள் அத்தைப் பாட்டிக்குத் தொலைபேசியில் அழைத்தோம். அவருக்கு எண்பத்தொன்பது வயது. கேட்டவுடனேயே, "ஆமாம், என் கல்யாணத்துக்கு முந்தின ஆடிப்பெருக்கில் ஆற்றில் முழுகி எழுந்தபோது அண்ணனுடைய கல் போய்விட்டது. தங்கச்சிக் கல்யாணச் செலவு இருக்கிறது என்று சொல்லி, கைக்கு அடங்கிய விலையில் ஒரு கல் வாங்கிக் கட்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லாதே என்றார், நானும் சொல்லவில்லை" என்றார். பிறகு சிறிது நேரம் அவர் பேசவில்லை. நாங்களும் வைத்துவிடாமல் காத்திருந்தோம்.

இடக்காதுக்கும் விளைந்த மாணிக்கமே வாங்கி ஜோடி சேர்த்துவிடலாம் என்று மைத்துனர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். இரண்டுக்கும் ஒரே வெள்ளித் தகட்டிலிருந்து வெட்டி வைத்துப் பழைய கட்டாகவே கட்டியிருக்கிறார் பெரியவர். சன்னலோரத்தில் வைத்துப் பார்த்தால் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. தூர்ந்துகிடந்த காதுத் துளைகளை மருத்துவரிடம் காட்டித் திறந்துகொண்டேன்.

கட்டி முடித்தபின் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இடக்காதுக் கடுக்கனின் தண்டில், சுரை மறைக்கும் இடத்தில், ஊசியால் ஒரு சிறு புள்ளி வைத்துத் தந்திருக்கிறார். என் மகன் வளர்ந்து இதைக் கையில் எடுக்கும்போது, ஆடிப்பெருக்குக் கல் எது என்று தேட வேண்டியிருக்காது.